சித்திரை வெயிலில் வந்த தடிமன்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய சித்திரை மாதம். பாடசாலை விடுமுறை விட்டு ஒரு கிழமை ஆகியிருந்தது. சுன்னாகத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். சீமெந்தும் கம்பியும் தகரமும் அடுக்கிய கடை அந்த மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காலை பத்து மணிக்கே கூரைத் தகரம் நெளிந்து சத்தம் போடத் தொடங்கிவிடும். அந்த வெக்கைக்குள் எனக்கு மூக்கொழுகும் தடிமன் பிடித்தது.

மாரியில் தடிமன் வந்தால் யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். வெயிலில் வந்தால் அது பகிடியாகிவிடும். கடைக்கு வருகிற எல்லோரும் என் மூக்கைப் பார்த்துவிட்டு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "உது சூட்டுத் தடிமன், இளநி குடியும்" என்றார் ஒருவர். அவர் போனதும் வந்தவர், "இளநி குடிச்சீரோ, நெஞ்சிலை சளி கட்டும். மஞ்சளைச் சுட்டுப் புகையைப் பிடியும்" என்றார். முதலாளியோ லேஞ்சியால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்று கதைத்தார்.

உண்மையில் அது நானாகத் தேடிக்கொண்டது. லொறியிலிருந்து சீமெந்து மூட்டை இறக்கிவிட்டு, வியர்வை வழிய வழிய, முன்கடைக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸாகக் குளிர்ந்து கிடந்த சோடாவை ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கு முன்னால் நின்றேன். பின்னேரம் கிணற்றில் முப்பது வாளி அள்ளி வார்த்தேன். அடுத்த நாள் எழும்பும்போது தொண்டை முள்ளாகக் குத்தியது.

காய்ச்சல் என்றால் அயலில் நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். தடிமனுக்கு யார் வருவார்கள்? அதற்கு வீட்டு ஆள்தான் வேண்டும். எங்கள் வீட்டு ஆள் அப்போது இங்கிலாந்தில் இருந்தாள்.

என் மனைவி அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போகும்போது எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஆறு மாதத்தில் எங்களையும் கூப்பிடுவது என்றுதான் பேச்சு. முதல் தடவை போட்ட விசா மறுக்கப்பட்டது. காகிதங்களைத் திருத்தி இரண்டாம் தடவை போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மகள் எட்டு வயதுக்கு வந்துவிட்டாள். தலையை நானே இழுத்துப் பின்னிவிடப் பழகியிருந்தேன். ஒரு பக்கப் பின்னல் எப்போதும் மற்றதைவிடத் தடிப்பாக இருக்கும்.

ஒவ்வொரு நாளும் மனைவி தொலைபேசியில் படத்தோடு வருவாள். இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று அவள் வேலை முழுக்க அழுதுகொண்டே செய்தாளாம். யாரோ ஒரு கிழவிக்குச் சாப்பாடு ஊட்டும்போது கண்ணீர் கோப்பைக்குள் விழுந்ததாம். அதைக் கேட்ட பிறகு, வருத்தம் எதுவானாலும் அவளுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். தடிமன் பிடித்த மூன்று நாளும் இணைப்புச் சரியில்லை என்று பொய் சொல்லிப் படத்தை நிறுத்திவிட்டுத்தான் கதைத்தேன்.

"குரல் ஏன் அடைச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"கடைத் தூசியப்பா" என்றேன்.

மகளிடமும் சொல்லி வைத்திருந்தேன், அம்மாவுக்கு வாய் திறக்கக்கூடாது என்று.

அந்தக் கிழமைதான் மனைவி ஒன்று கேட்டாள். வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போய், விசாவுக்காகப் பிள்ளையின் பெயரில் ஓர் அருச்சனை செய்யச் சொன்னாள். மத்தியானப் பூசைக்கு நிற்கவேண்டும், பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவள் இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தடிமனைச் சொல்லி மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனித்தான் என் முட்டாள்தனம். தடிமன் தொடங்கிய இரண்டாம் நாளே வைத்தியர் ஒருவரிடம் காட்டி மூன்று வேளைக்குக் குளிசை வாங்கியிருந்தேன். மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. வியாழக்கிழமை வேறொரு மருந்துக்கடையில், வைத்தியரின் குளிசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "தடிமனுக்கு நல்லதா ஒண்டு தாங்கோ" என்று கேட்டு இன்னொன்று வாங்கினேன். வெள்ளி காலை விரதம். வெறும் வயிறு. சந்நிதானத்தில் நின்று மூக்கை உறிஞ்சக்கூடாது என்பதற்காக இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். மனைவி வீட்டில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எந்த மருந்தையும் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்த்துத்தான் எங்களுக்குத் தருவாள்.

பத்தரை மணிக்கு மகளை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். அச்சுவேலி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மூக்கு நின்றுவிட்டது என்று சந்தோசப்பட்டேன். அதற்குப் பிறகு தெருவில் வெயில் மிதப்பதுபோல இருந்தது. இமை இரண்டும் கனத்தன. தலையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, ஏன் உப்பிடி வளைஞ்சு வளைஞ்சு ஓடுறீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"பள்ளத்துக்கு விலத்துறன் பிள்ளை."

அந்தத் தெருவில் பள்ளமே இருக்கவில்லை. அந்த நேரத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பூசைக்கு நேரமாகிறது என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது மகளின் அலறல். கண் திறந்தால் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் லொறி ஒன்று என் முன்னால், ஒலிப்பானை அமத்தியபடி. நான் தெருவின் வலது கரைக்குப் போயிருந்தேன். எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. பவுசரின் காற்று என் தோளை அடித்துக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் பாய்ந்து மணலில் இறங்கி, வேலியில் காயப்போட்டிருந்த மீன் வலைக்குள் போய்ச் சிக்கி விழுந்தது. வலை எங்கள் இருவரையும் தாங்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் கொங்கிறீற்றுத் தூண்.

மகள் எழும்பி நின்றாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவேன்?

வளவுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் வலை பொத்துகிற ஊசி. முதலில் பிள்ளையைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கொண்டுபோய் முழங்காலைக் கழுவினார். பிறகு திரும்பி வந்து, வலைக்குள் இருந்து கால் எடுக்க முடியாமல் நின்ற என் முகத்துக்குக் கிட்ட வந்து மணந்து பார்த்தார்.

"பிள்ளையைப் பின்னாலை வைச்சுக்கொண்டு குடிச்சிட்டோ ஓடினனீர்?"

"இல்லை அக்கா. தடிமன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் குனிந்து மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்பா குடிக்கிறேல்லை" என்றாள் மகள் தொட்டியடியில் இருந்து. "ரெண்டு குளிசை போட்டவர்."

என் சட்டைப் பையில் இருந்த இரண்டு குளிசை அட்டைகளையும் அந்த அக்கா வாங்கிப் பார்த்தார். தனக்கு இங்கிலீசு தெரியாது என்று சொல்லி மகளின் மடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒவ்வொரு எழுத்தாப் பார் பிள்ளை, ரெண்டிலையும் ஒரே மாதிரி ஏதும் கிடக்கோ எண்டு."

மகள் விரல் வைத்துப் பார்த்தாள். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு. கீழே பொடி எழுத்தில் நீளமாக ஒரு சொல், இரண்டு அட்டையிலும் ஒன்றேதான். மறுநாள் வைத்தியரிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார். நித்திரை வரவைக்கிற மருந்து, இரண்டு மடங்கு, அதுவும் வெறும் வயிற்றில். ஒரு குளிசை போட்டாலே வாகனம் ஓடக்கூடாதாம். தடிமனை எந்தக் குளிசையும் துரத்தாது, தண்ணீர் குடித்துப் படுத்திருந்தால் ஒரு கிழமையில் தானாகப் போகும் என்று சொல்லி அவர் என்னை ஏசினார். பாடசாலையில் படித்த நானும் வாசிக்காத எழுத்தை, வாசிக்கத் தெரியாத ஒருவர் கண்டுபிடிக்க வைத்தார் என்று நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. "திறப்பைத் தாங்கோ அக்கா, பூசை முடியப்போகுது. மனிசி வெளிநாட்டிலை, அவ கேட்டு வந்தனான்" என்றேன்.

"முருகன் எங்கையும் போகான். பின்னேரமும் அங்கைதான் நிப்பான்" என்றார் அவர். "நித்திரை முறியாமல் திறப்பு உமக்கில்லை. வேணுமெண்டா நடந்து போம். பிள்ளை இஞ்சை நிக்கட்டும்."

நடக்கப் பார்த்தேன். ஐந்தடி வைத்ததும் தலை சுற்றியது. திரும்பி வந்து கொட்டிலுக்குள் இருந்தேன்.

முன்னால் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், பின்னால் தகரம் போட்ட சின்ன வீடு. களப்புப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அக்கா இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து தொண்டையைக் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் தந்து, முடியும்வரை முன்னால் நின்றார். கஞ்சி காய்ச்சப் போனவர் பாதியில் திரும்பி வந்து, "சந்நிதிக்குப் போற ஆக்கள். மீன் காய்ச்சிற சட்டியிலை வைச்சுத் தரமாட்டன், கொஞ்சம் பொறும்" என்றார். பக்கத்து வீட்டில் புதுப் பானை ஒன்று வாங்கி வந்து அதில்தான் காய்ச்சினார். உப்பும் தேங்காய்ப்பாலும் விட்ட அந்தக் கஞ்சியில் எனக்கு மணம் குணம் ஒன்றும் தெரியவில்லை. சூடு மட்டும் தொண்டை வழியே இறங்கியது. இரண்டு கோப்பை குடித்தேன். விரதம் போய்விட்டது. யாரோ ஒருவர் எனக்காக அடுப்பு மூட்டி எத்தனை காலம் என்று நினைத்தேன். பாயில் சரிந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

அந்த நித்திரையில் என் நெற்றியில் ஒரு கை வந்து படிந்தது. சொரசொரப்பான கை. ஆனால் எனக்கு அது என் மனைவியின் கைதான். எங்கள் வீட்டு அறையில் படுத்திருக்கிறேன், அவள் குசினி வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறாள். கண் திறக்கத் தேவையில்லை என்றிருந்தது. திறந்தால் கை போய்விடும் என்று நினைத்தேனோ தெரியாது. ஏதோ சொன்னேன் என்றுமட்டும் ஞாபகம்.

எழும்பும்போது நாலு மணி. தலை தெளிந்திருந்தது. மகள் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து வலையின் நூலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பியதைக் கண்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உம்மடை மனிசி கதைச்சவ" என்றார் அக்கா.

நான் நித்திரையாக இருந்தபோது மூன்று மணியளவில் மனைவியின் வேலை இடைவேளை அழைப்பு வந்திருக்கிறது. மகள் படத்தோடு எடுத்திருக்கிறாள். அம்மாவைக் கண்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை முழுக்க வந்துவிட்டதாம். பவுசர், வலை, குளிசை எல்லாம் சொல்லிவிட்டாள். அக்கா தொலைபேசியை வாங்கி, "பயப்பிடாதையும் பிள்ளை, ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை, இஞ்சை பாரும்" என்று படத்தை என் பக்கம் திருப்பியிருக்கிறார்.

மனைவி படத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு, "அக்கா, ஒருக்கா நெத்தியைத் தொட்டுப் பாருங்கோ, சுடுதோ எண்டு" என்று கேட்டிருக்கிறாள்.

அக்கா தொட்டுப் பார்த்து, "சுடேல்லை" என்று சொன்னாராம்.

"கையை எடுக்காதேங்கோ அக்கா. கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ."

அக்கா அப்படியே வைத்திருந்தாராம். அப்போதுதான் நான் கண் திறக்காமலே, "வந்திட்டீரோ?" என்று கேட்டிருக்கிறேன்.

"அதோடை அம்மா போனை வைச்சிட்டா" என்றாள் மகள்.

நான் பாயில் இருந்தபடியே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் வலையைப் பொத்திக்கொண்டே தன் கதையைச் சொன்னார். ஒரே மகன். பிரான்சுக்குப் போய்ப் பதினொரு வருடம். இன்னும் அங்கே தங்குவதற்கான காகிதம் கிடைக்கவில்லை. தகப்பனின் செத்த வீட்டுக்கும் வர முடியவில்லை. குளிர் காலம் வந்தால் அவனுக்குத் தடிமன் விடாதாம். தொலைபேசியில் இருமுவது கேட்குமாம்.

"நான் என்ன செய்ய? அங்கை ஆரோ ஒரு மனிசி அவனுக்கு ஒரு சுடுதண்ணி குடுப்பாள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றார். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "இனி ஓடலாம். மெள்ள ஓடும்."

பின்னேரப் பூசைக்குச் சந்நிதியில் நின்றோம். மனைவி சொன்னபடி பிள்ளையின் பெயருக்கு அருச்சனை செய்தேன். விசாவைப் பற்றி ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் அக்கா கட்டிவிட்ட பச்சைத் துணியோடு நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியில் வந்து மணலில் இருந்துகொண்டு மனைவிக்கு எடுத்தேன். நாலு நாளைக்குப் பிறகு படத்தோடு. ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் என் சிவந்த மூக்கைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். அப்போதுதான் ஒன்று சொன்னாள். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு கிழமை அவள் படம் காட்டாமல் கதைத்தாள், இரட்டை வேலை, களைப்பு என்று சொன்னாள். உண்மையில் அவளுக்கும் தடிமன். அறையில் தனியே, சாப்பிட மனமில்லாமல், நாலு நாள் சுடுதண்ணீரோடு படுத்திருந்திருக்கிறாள். நானும் நம்பிவிட்டேன். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இருவருமே தனியே கிடந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து ஒரு தும்மலைக்கூட மறைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். மறைக்காமல் இருப்பதும் சுலபமில்லை. ஆனால் செய்கிறோம்.

இரண்டாம் விசாவும் சரிவரவில்லை. போன மார்கழியில் மூன்று கிழமை விடுப்பில் மனைவி வந்து போனாள். வந்த நாலாம் நாள், "அந்த அக்காவிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். போனோம். இருவரும் நேரில் கண்டதே இல்லை. மனைவி கொண்டுபோன சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் வலது கையைப் பிடித்தாள். கனநேரம் விடவில்லை. அக்காவும் இழுக்கவில்லை. மகன் இன்னும் வரவில்லை என்றுமட்டும் சொன்னார்.

இந்தச் சித்திரையிலும் எனக்குத் தடிமன் வந்தது. தண்ணீர் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். மனைவி ஒவ்வொரு இடைவேளையிலும் படத்தோடு வந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் தடிமன் போய்விட்டது. ஆனாலும் வேறொருத்தியின் கையை என் மனைவியின் கை என்று நம்பி, அவள் வந்துவிட்டாள் என்று நம்பித் தூங்கிய அந்தச் சித்திரைப் பின்னேரத்தைப்போல ஒரு நித்திரை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. அவள் உண்மையாகவே வந்து இந்த வீட்டில் தங்கும் நாள்வரை வாய்க்கப்போவதுமில்லை.